குப்பியில் அடைபடுமா மகப்பேறு?

(மகளிர் நல்வாழ்வு அரங்கொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



மருந்துக் கடைகளில் இக்காலத்தே ஒருவகைச் சரக்கு அடுக்கி வைக்கப்பட்டுள்ளது. அழகிய குப்பி, அதன்மேல் ஒரு மலரோ ஒரு மழலை முகமோ, உள்ளே முப்பதோ அறுபதோ வில்லைகள். கருமுட்டையின் தரத்தை உயர்த்தும், தாய்மைக்குத் துணைபுரியும் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அச்சிட்ட வரிகள். திருமணமாகி ஈராண்டு மூவாண்டு கடந்தும் மகப்பேறு வாய்க்காத பெண்கள், சுற்றத்தாரின் கேள்விக்கும் தம் ஏக்கத்திற்கும் இடையில் நின்று அக்குப்பிகளை வாங்குகின்றனர். ஒரு குப்பி முடிந்ததும் மறு குப்பி. ஆறு திங்கள் கழிகின்றது, ஓராண்டும் கழிகின்றது. பணம் போனதினும் காலம் போனதே பேரிழப்பு. ஏனெனில், இத்துறையில் எவ்விலை கொடுத்தும் திரும்ப வாங்க முடியாத பொருள் காலம் ஒன்றுதான்.

இவ்வில்லைகளில் இருப்பது யாது? அஃது எங்ஙனம் வேலை செய்யும் என்கின்றனர்? ஆய்வுகள் கூறுவது யாது? கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது? இவற்றைத் தமிழர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பதே இப்பொழிவின் நோக்கம். விளங்காத சொல் விற்பவனுக்கு முதல். விளங்கிய சொல் வாங்குவோர்க்குக் காவல்.

சொல் விளங்கினால் பொருள் விளங்கும்

இக்குப்பிகளின்மேல் 'ஆன்ட்டி ஆக்சிடன்ட்டு' என்னும் சொல்லைத் தவறாமற் காணலாம். தமிழில் அதன் பெயர் உயிர்வளியேற்றத் தடுப்பி. ஆக்சிசன் என வழங்குவது உயிர்வளி. உயிர்வளி பிறிதொரு பொருளோடு வினைபுரிந்து அதன் தன்மையை மாற்றுவது உயிர்வளியேற்றம். இரும்பு துருவேறுவதும், எண்ணெய் நாட்பட்டுக் காறிப்போவதும், நறுக்கி வைத்த வாழைக்காய் கறுத்துப்போவதும் இவ்வினையின் வெவ்வேறு தோற்றங்களே. அவ்வினையைத் தடுப்பது அல்லது தணிப்பது எதுவோ அது தடுப்பி. வாழைப்பூவை அரிந்தவுடன் மோர்நீரில் இடுகின்ற தாய்மார், வளி படாமையாலும் புளிப்பாலும் கறுப்பைத் தடுக்கும் இக்கலையை எந்தக் குப்பியையும் படியாமலே கற்றவர்கள்.

இனி, உடம்பினுள் நிகழ்வது யாது? ஒவ்வோர் உயிரணுவிலும் 'மைட்டோகாண்டிரியா' எனப்படும் இழைமணிகள் உள. சிவப்புக் குருதியணு போன்ற சிலவே இதற்கு விலக்கு. உண்ட உணவை உயிர்வளியோடு சேர்த்து எரித்து ஆற்றலாக்கும் நுண்ணிய உலைகள் அவை. உலை என்றால் பொறி தெறிப்பதுண்டு. இவ்வுலையில் தெறிக்கும் பொறிகள் இணையிழந்த மின்னணுவையுடைய துணுக்குகள். அவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் தாக்கிப் பழுதாக்க வல்லவை. அப்பொறிகளை அவ்வப்போதே அவிப்பதற்குரிய தடுப்பிகளை உடம்பு தானே ஆக்கிக்கொள்கின்றது, உணவிலிருந்தும் பெற்றுக்கொள்கின்றது.

இத்துணுக்குகளின் தொடர்ந்த தாக்குதலே மூப்பிற்குக் கரணியம் என்னும் கொள்கையை 1956-ஆம் ஆண்டில் தென்காம் ஆர்மன் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். இன்றைய தடுப்பி வணிகம் அக்கொள்கையின் நிழலில் வளர்ந்தது. பொறி தெறித்தால் பழுது. பொறியை அவித்தால் பழுதில்லை. ஆகவே அவிப்பானை வாங்கி விழுங்குக! கேட்பதற்கு எளிதாகவும் இனிதாகவும் இருக்கின்றது. ஆயினும், எளிதாகச் சொல்லத்தக்கதெல்லாம் மெய்யாகிவிடாது.

ஒரு பெயரின் வரலாறு

இத்தடுப்பிகளுள் பெயர் பெற்றது 'ஈ' உயிர்ச்சத்து. அதன் வேதியற் பெயர் 'டோகோபெரால்'. அப்பெயர் பிறந்த கதையை அறிந்தால் இவ்வணிகத்தின் வேர் தெரியும்.

1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஏர்பர்ட்டு ஈவன்சு, கேத்தரின் பிசப்பு என்னும் இருவர் எலிகளுக்கு வரையறுத்த உணவை ஊட்டி ஆராய்ந்தனர். எலிகள் வளர்ந்தன, சூலும் கொண்டன. ஆனால், கரு கருப்பையிலேயே கரைந்துபோயிற்று. பச்சைக்கீரையும் பின்னர்க் கோதுமை முளையும் சேர்த்து ஊட்டியபோது அவ்வெலிகள் குட்டி ஈன்றன. முன்னைய உணவில் இல்லாதிருந்து கீரையில் இருந்த அப்பொருளே 'ஈ' உயிர்ச்சத்து எனப்பட்டது. 1936-இல் அதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தபோது, மகப்பேறு என்னும் பொருளுடைய 'தோகோசு', சுமத்தல் என்னும் பொருளுடைய 'பெரெய்ன்' ஆகிய கிரேக்கச் சொற்களைக் கூட்டி அதற்குப் பெயரிட்டனர். தமிழாக்கிச் சொன்னால் 'மகப்பேறு தாங்கி' என்றாகும்.

பெயரின் ஆற்றலைப் பாருங்கள்! ஒரு பொருளை உணவிலிருந்து அறவே நீக்கினால் எலிக்குக் கரு நிலைக்காது என்பதே அங்குக் கண்டறியப்பட்ட உண்மை. போதிய உணவு உண்ணும் மாந்தப் பெண் அதே பொருளை மிகுதியாக விழுங்கினால் மகப்பேறு வாய்க்கும் என்பது அதிலிருந்து எங்ஙனம் பெறப்படும்? உப்பில்லாக் குழம்பு சுவைக்காது. அதனால், உப்பை இரட்டித்தால் குழம்பு இருமடங்கு சுவைக்குமோ? குறையை நிரப்புவது வேறு. நிறைந்ததன்மேற் கொட்டுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதிலேதான் விளம்பரத்தின் கைவண்ணம் அடங்கியிருக்கின்றது.

கருமுட்டையின் அகவை

தரம் தரம் என்று பேசுகின்றார்களே, கருமுட்டையின் தரம் என்பது யாது? அதனை அறியக் கருமுட்டையின் வாழ்வை அறிதல் வேண்டும்.

பெண்ணின் முட்டைகள் அவள் பூப்பெய்திய பின் உண்டாவன அல்ல. அவள் தன் தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே உண்டானவை. ஐந்து திங்கட் கருவாக இருக்கையில் அவளுடைய சூலகங்களில் ஏறத்தாழ 60 முதல் 70 இலக்கம் முட்டைகள். பிறக்கும்போது 10 முதல் 20 இலக்கம். பூப்பெய்தும்போது 3 அல்லது 4 இலக்கம். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிப்படுவன 400 முதல் 500 வரையே. எஞ்சியவை தாமே தேய்ந்து மறைகின்றன. புதியதொரு முட்டையை ஆக்கித் தரும் வில்லை எதுவும் இவ்வுலகில் இல்லை.

ஆகவே, 35 அகவைப் பெண்ணிடம் இத்திங்களில் முதிரும் முட்டையும் 35 ஆண்டுக்குக் குறையாத அகவையுடையது. அதனுள் 'குரோமோசோம்' எனப்படும் நிறப்புரிகள் பிரியும் வேலை தாய்வயிற்றிலேயே தொடங்கி, இடையில் நின்று, முட்டை வெளிப்படும் வேளையில்தான் மீண்டும் தொடர்கின்றது. இடைப்பட்ட ஆண்டுகளிலெல்லாம் நிறப்புரிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒருவகைப் பிணைப்புப் புரதம். நாட்பட்ட கயிறு நைவதுபோல் அதுவும் நைகின்றது. கயிறு நைந்தால் பங்கீடு பிழைக்கும். முட்டையில் ஒரு நிறப்புரி மிகும். அல்லது ஒன்று குறையும். அத்தகைய முட்டையிலிருந்து கரு உருவானாலும் பெரும்பாலும் நிலைப்பதில்லை.

2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 15,169 கருக்களின் நிறப்புரிகள் ஆராயப்பட்டன. 26 முதல் 30 வரையிலான அகவையுடைய பெண்களின் கருக்களில் பிழை மிகக் குறைவாக இருந்தது. அதன்பின் படிப்படியாக ஏறி, 42-ஆம் அகவையில் நான்கில் மூன்று கருக்கள் பிழையுடையனவாக இருந்தன. கருமுட்டையின் தரம் என்பதன் பெரும்பகுதி இதுவே. நைந்த கயிற்றை முறுக்கேற்றித் தரும் வில்லை எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இழைமணிகளுக்கும் இதில் பங்குண்டு. மாந்த உடம்பின் உயிரணுக்களுள் மிகப்பெரியது கருமுட்டை. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதனுள் ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட இழைமணிகள் உள. அகவை ஏற ஏற அவற்றின் ஆற்றல் குன்றுகின்றது. ஆகவே, தடுப்பிகள் உதவக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் எண்ணியதில் தவறில்லை. எண்ணத்தை ஆய்வில் நிறுத்திப் பார்த்ததே அறிவியல். எண்ணத்தையே சரக்காக்கி விற்றது வணிகம்.

ஆய்வுகள் கூறுவன

இழைமணியின் உலைக்குள் மின்னணுக்களைக் கைமாற்றிக் கொடுக்கும் பொருள் ஒன்றுண்டு. 'கோ-என்சைம் கியூ-10' என வழங்கும் இணைநொதி அது. இன்று கருமுட்டைக்கென விற்கப்படும் குப்பிகளில் முன்னிற்பது இதுவே. கனடாவின் தொரண்டோ நகர ஆய்வாளர்கள் முதிய சுண்டெலிகளுக்கு இதனை ஊட்டி, அவற்றின் முட்டைகளும் இழைமணிகளும் மேம்பட்டதை 2015-இல் வெளியிட்டனர். செய்தி பரவியது; விற்பனையும் பரவியது.

அதற்கு முன்னரே, 2014-இல், பெண்களிடம் செய்த ஆய்வு வெளிவந்திருந்தது என்பதைப் பலர் அறியார். உடலுக்கு வெளியே கருவூட்டும் மருத்துவம் பெற்ற 39 பெண்கள் அதில் கணக்கிடப்பட்டனர். சிலர்க்கு இணைநொதி, சிலர்க்கு மருந்தில்லா வெற்று வில்லை. நிறப்புரிப் பிழை இணைநொதி உண்டவரிடம் 46.5 விழுக்காடு, வெற்று வில்லை உண்டவரிடம் 62.8 விழுக்காடு. வேறுபாடு பெரிதாகத் தோன்றும். ஆனால், இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் நேரலாம் என்பதே கணக்கியலின் முடிவு. முட்டையிலிருந்து நுண்பகுதியை எடுத்து ஆராயும் முறை கருவுக்கே ஊறு செய்யுமோ என்னும் ஐயத்தால், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன்னரே அவ்வாய்வு நிறுத்தப்பட்டது.

2018-இல் சீனத்திலிருந்து வந்த ஆய்வில், இளமையிலேயே முட்டையிருப்புக் குறைந்த 169 பெண்கள் இடம்பெற்றனர். இணைநொதி உண்டவர்களிடம் நல்ல முட்டைகளும் நல்ல கருக்களும் மிகுந்தன. ஆயினும், கையில் ஏந்தும் மகவின் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு காட்டப்படவில்லை. அதே 2018-இல் ஆத்திரேலியாவில் 160 பெண்களுக்கு 'மெலட்டோனின்' என்னும் மற்றொரு தடுப்பியை மூன்று அளவுகளிலும், ஒரு சாரார்க்கு வெற்று வில்லையையும் கொடுத்துப் பார்த்தனர். முட்டையின் எண்ணிக்கையிலும் தரத்திலும் சூல் கொள்வதிலும் வேறுபாடு காணப்படவில்லை.

தனித்தனி ஆய்வுகளையெல்லாம் ஒருங்கே திரட்டி எடைபோடும் பன்னாட்டு அமைப்பு காக்ரேன் என்பது. பெண்களின் மகப்பேற்றுக் குறைக்குத் தடுப்பிகள் உதவுமா என்று 63 ஆய்வுகளை, 7,760 பெண்களை உள்ளடக்கி, 2020-இல் அது தன் முடிவை வெளியிட்டது. வெற்று வில்லை உண்டவர் அல்லது எதுவும் உண்ணாதவர் 100 பேரில் 19 பேர்க்கு மகப்பேறு வாய்க்குமாயின், தடுப்பி உண்டவர் 100 பேரில் 24 முதல் 36 பேர்க்கு வாய்க்கலாம் என்பது அதன் கணக்கு. விற்பவர் இவ்வரியோடு நிறுத்திக்கொள்வர். அடுத்த வரியையும் படித்தல் வேண்டும். அச்சான்றின் தரம் தாழ்ந்தது. செம்மையாக நடத்தப்படாத ஆய்வுகளை விலக்கிவிட்டு எஞ்சியவற்றைக் கணக்கிட்டால், பயன் உண்டென்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்பதும் அதே அமைப்பின் முடிவே.

நடுநிலையோடு சொல்வதாயின் தீர்ப்பு இதுவாகும்: தடுப்பிகள் முழுப் பொய் அல்ல, மெய்ப்பிக்கப்பட்ட மருந்தும் அல்ல. உதவலாம் என்னும் ஐயநிலையில் இருப்பதை உதவும் என்று உறுதி கூறி விற்பதுதான் குற்றம்.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. பொறிகள் எல்லாம் பகையல்ல. 2011-இல் இசுரேலின் வெய்சுமன் ஆய்வு நிறுவனத்தார், சுண்டெலியின் சூலகத்தைச் சூழத் தடுப்பிகளைச் செலுத்தியபோது முட்டை வெளிப்படுவதே குன்றிப்போனதைக் கண்டனர். முட்டையை விடுவிக்கும் வேலைக்கும் அப்பொறிகள் வேண்டும் என்பது அதனால் விளங்கிற்று. அடுப்பில் பொறி தெறிக்கின்றது என்று அடுப்பையே அவித்தால் சோறு வேகுமா?

அளவுக்கு மிஞ்சினால்

'உண்டால் என்ன, கெடுதல் ஒன்றுமில்லையே' என்பார் உளர். அவர்க்குச் சில வரலாறுகளைச் சொல்லுதல் கடமை.

பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த பேராய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. கேரட்டின் நிறத்துக்குரிய 'பீட்டா கரோட்டின்' என்னும் தடுப்பி நுரையீரற் புற்றைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தே அதனைக் கொடுத்தனர். அதனை உண்டவரிடம் அப்புற்று 18 விழுக்காடு மிகுந்தது. உணவிலிருந்து நன்மை தருவது வில்லையானபோது தீமை தந்தது.

பிரித்தானியாவில் சூலுற்ற பெண்கள் 2,400 பேர்க்கு மேற்பட்டோரிடம் 'சி', 'ஈ' உயிர்ச்சத்துகளை மிகுந்த அளவில் கொடுத்து, சூற்காலக் குருதியழுத்த நோயைத் தடுக்க முயன்றனர். 2006-இல் வெளிவந்த முடிவின்படி நோய் தடுக்கப்படவில்லை. எடை குறைந்த மகவுகளே மிகுதியாகப் பிறந்தன.

'ஏ' உயிர்ச்சத்தைப் பற்றித் தாய்மார் கட்டாயம் அறிதல் வேண்டும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அலகுக்கு மேல் 'ரெட்டினால்' வடிவில் வில்லையாக உண்ட தாய்மார்க்கு உறுப்புக் குறையுடைய மகவுகள் மிகுதியாகப் பிறந்ததை 22,748 சூலுற்ற பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 1995-இல் காட்டிற்று. மகவை வேண்டி விழுங்கும் வில்லை மகவுக்கே கேடாகும் கொடுமையினும் கொடியது உண்டோ? இரண்டு மூன்று குப்பிகளை ஒருங்கே உண்பவர்க்கு, ஒவ்வொன்றிலும் அளவோடிருக்கும் 'ஏ' உயிர்ச்சத்தும் செலீனியமும் கூட்டுத்தொகையில் அளவு மீறிவிடலாம்.

குன்னூரில் ஆராய்ந்த அம்மையார்

அவ்வாறாயின் எல்லா வில்லைகளையும் தூக்கியெறிவதா? அன்று. மறுக்க முடியாத சான்றுடைய வில்லை ஒன்றுண்டு. அதன் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு.

இலூசி வில்சு என்னும் ஆங்கிலப் பெண்மருத்துவர், பம்பாயில் ஆலைத்தொழிலாளப் பெண்கள் சூற்காலத்தில் கொடிய சோகைக்கு ஆளாவதை ஆராய 1928-இல் இந்தியா வந்தார். பின்னர் நீலமலையில் குன்னூரில் உள்ள பாசுடர் நிறுவனத்திலும், சென்னையில் மகளிர் மருத்துவமனையிலும் தம் ஆய்வைத் தொடர்ந்தார். ஈச்டு எனப்படும் நொதிப்பூஞ்சையின் சாற்றில் அச்சோகையைத் தீர்க்கும் பொருள் இருப்பதை 1931-இல் வெளியிட்டார். 1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைக்கீரை வகையொன்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருளுடைய 'போலியம்' என்னும் இலத்தீனச் சொல்லால் அதற்குப் 'போலிக் ஆசிட்டு' என்று பெயரிட்டனர். தமிழில் அஃது இலைக்காடி. ஒலிபெயர்த்தால் தமிழ்ச் செவியில் 'போலி' என்று விழும் அப்பெயருக்குரிய பொருள்தான், இந்தப் பட்டியலில் போலியல்லாதது!

1991-இல் ஏழு நாடுகளில் 33 நடுவங்களில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. முன்னர் முதுகுத்தண்டுக் குறையுடைய மகவைப் பெற்ற தாய்மார், அடுத்த சூலுக்கு முன்பிருந்தே இலைக்காடியை உண்டால், அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. கருவின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடிப்படையான குழல், கருவுற்ற நான்கு கிழமைக்குள் மூடிவிடுகின்றது. பல பெண்கள் தாம் சூலுற்றதையே அறியாத காலம் அது. ஆகவேதான், மகவை எதிர்நோக்கும் பெண், சூல் கொள்ளுமுன்னரே தொடங்கி முதல் பன்னிரண்டு கிழமை வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் இலைக்காடியை உண்ணவேண்டும் என்று மருத்துவ உலகம் அறிவுறுத்துகின்றது. முன்னர்க் குறையுடைய மகவைப் பெற்றவர், நீரிழிவு உடையவர், வலிப்புக்கு மருந்து உண்பவர் ஆகியோர்க்கு அளவு வேறுபடும்; அதனை மருத்துவரே வரையறுத்தல் வேண்டும்.

இலைக்காடி முட்டையை இளமையாக்காது. பிறக்கவிருக்கும் மகவைக் காக்கும். அதன் விலையோ மிகக் குறைவு. அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும். விளம்பரமில்லாததால் பலர் இதனை மறக்கின்றனர். விளம்பரமுள்ளதால் பலர் மற்றவற்றைத் தேடுகின்றனர்.

குப்பியின் மொழி

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2016-இல் வகுத்த விதிகளின்படி, இத்தகைய துணையூட்டக் குப்பிகளின்மேல் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று' என்னும் பொருளுடைய தொடரை அச்சிடல் வேண்டும். நல்ல விதி. ஆனால், அத்தொடர் எம்மொழியில் இருக்கும்? குறிப்புச் சீட்டைப் பற்றிய 2020-ஆம் ஆண்டு விதிகள், விளக்கங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிற மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. சேர்த்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

ஆகவே, 'இது மருந்தன்று' என்று குப்பியே ஒப்புக்கொள்வதைத் தமிழ் மட்டும் அறிந்த தாய் படிக்க இயலாது. மலரும் மழலை முகமும் எல்லா மொழியார்க்கும் விளங்கும். எச்சரிக்கை மட்டும் விளங்காது! தாய்மொழியில் எழுதுக என்னும் கோரிக்கை வெறும் உணர்ச்சி என்று நகைப்போர், இந்தக் குப்பியைக் கையிலெடுத்துப் பார்க்கட்டும். உடம்பினுள் செல்வது யாது என்பதைத் தன் மொழியில் அறிதல் வாங்குவோரின் உரிமை.

செய்யத்தக்கவை

முதலாவது, காலத்தைக் காத்தல். 35 அகவைக்கு உட்பட்ட பெண், ஓராண்டு முயன்றும் சூல் கொள்ளவில்லையெனில் மருத்துவரை அணுகுதல் வேண்டும். 35 கடந்தவர் ஆறு திங்களிலேயே அணுகுதல் வேண்டும். 40 கடந்தவர் காத்திருத்தலே கூடாது. மாதவிலக்கு ஒழுங்கற்றவரும் முன்னர் வயிற்று நோயோ அறுவையோ கண்டவரும் இக்கணக்கையும் பாராது செல்லல் வேண்டும். 'இக்குப்பி முடியட்டும், பார்ப்போம்' என்பது வேண்டாத சொல்.

இரண்டாவது, இருவரும் செல்லல். மகவின்மைக்கு உள்ளான இணையருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தே ஆணின் குறையும் பங்கேற்கின்றது. ஆணின் விந்தை ஆராய்வது எளிது, வலியற்றது, செலவு குறைந்தது. அதனைச் செய்யாமல் பெண்ணை மட்டும் மருத்துவமனைக்கும் மருந்துக்கடைக்கும் அலையவிடும் வழக்கம் அறிவுக்கும் அறத்துக்கும் ஒவ்வாது. ஆணுக்கென விற்கப்படும் தடுப்பி வில்லைகளின் நிலையும் இதுவே. 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 2,370 இணையரின் ஆண்களுள் ஒரு பாதியர்க்கு இலைக்காடியும் துத்தநாகமும் கொடுத்தும், மகப்பேற்றில் எந்த ஏற்றமும் காணப்படவில்லை.

மூன்றாவது, கரணியத்தைக் காணல். கருக்குழல் அடைபட்டிருக்கலாம்; கழுத்திலுள்ள கேடயச்சுரப்பி குன்றியிருக்கலாம்; சூலகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றி முட்டை வெளிப்படாதிருக்கலாம்; கருப்பையின் உட்படலம் புறத்தே வளர்ந்திருக்கலாம்; என்புருக்கி நோய் கருப்பையைத் தாக்கியிருக்கலாம். இவற்றிற்குத் தனித்தனி மருத்துவம் உண்டு. அடைபட்ட குழலைத் தடுப்பி வில்லை திறக்குமா?

நான்காவது, புகையிலையை விலக்கல். புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஓராண்டு ஈராண்டு முன்னதாகவே நின்றுவிடுகின்றது. முட்டைகள் விரைந்து அழிவதே அதற்குக் கரணியம். வீட்டினுள் ஆண் விடும் புகையும் பெண்ணின் மூச்சிலேதான் கலக்கின்றது. வில்லை வாங்கிக் கொடுக்கும் கணவன், முதலில் தன் புகைச்சுருளைக் கீழே போடட்டும்.

ஐந்தாவது, உணவு. நெல்லி, கொய்யா, முருங்கைக்கீரை, பயறு வகைகள், வேர்க்கடலை, எள் ஆகியவற்றில் பலவகைத் தடுப்பிகள் அளவோடும் கலப்போடும் உள. இவற்றை உண்டால் மகப்பேறு உறுதி என்று சொல்வதும் இன்னொரு விளம்பரமே ஆகும். உடம்பு நலம்பெறும், குறையிருப்பின் நிரம்பும், அவ்வளவே. அதற்குமேல் ஒரு வில்லையை மருத்துவர் எழுதிக்கொடுத்தால், அதன் பெயர், அளவு, எத்தனை நாள், எதற்காக என்னும் நான்கையும் கேட்டறிக. முன்னரே உண்பன இருப்பின் அக்குப்பிகளை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுக.

சொல்லால் சுடுதல் ஒழிக

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் என்றேனும் மகவின்மைத் துன்பத்திற்கு ஆளாகின்றனர் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் அறிவித்தது. அஃதொரு குறைபாடு, குற்றமன்று. ஆயினும், 'மலடி' என்னும் சொல் தெருவில் ஒலிக்கும் அளவுக்கு 'மலடன்' என்னும் சொல் ஒலிப்பதில்லை. மொழியில் இரண்டு சொல்லும் உள. வாயில் ஒன்றே வருகின்றது. குறை இருவரிடத்தும் இருக்கக்கூடும் என்று அறிவியல் சொல்ல, வசை மட்டும் பெண்ணுக்கே வந்து சேர்கின்றது. அவ்வசைக்கு அஞ்சிய நெஞ்சமே குப்பி விற்பவனின் சந்தை. சுற்றத்தார் நாவடக்கினாலே பாதிக் குப்பிகள் விலைபோகா.

எல்லா மருத்துவமும் செய்தும் மகவு வாய்க்காத இணையர் உளர். அவர்கள் வாழ்வு நிறைவற்ற வாழ்வு ஆகாது. பெற்றோரற்ற பிள்ளையை முறைப்படி மகவாக ஏற்று வளர்ப்பதும் மகப்பேறே. இருவராய் அன்பொடு வாழ்வதும் இல்லறமே.

தமிழில் பேறு என்னும் சொல் பெறப்படுவதைக் குறிக்கும். விலைக்கு வாங்கப்படுவதைக் குறிக்காது. அறிவைக் காவலாகவும் காலத்தை முதலாகவும் கொண்டு, கணவனும் மனைவியும் கைகோத்து மருத்துவரை நாடுவதே அப்பேற்றுக்குரிய நேர்வழி. அவ்வழியை அறிந்தோர் அறியாதார்க்குத் தமிழில் எடுத்துரைப்பாராக!